தப்பு எங்களுடையதில்லை, பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்

பிரிட்டனில் பிரதமர்கள் வருவார்கள், போவார்கள். சுகாதார அமைச்சர்கள் அதைவிட வேகமாக வந்து போவார்கள். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பதவியில் இருந்தது. மார்கரெட் தாட்சர் காலத்தில் பொறுப்பேற்றது. கன்சர்வேடிவ் போய் லேபர் வந்தபோது ராஜினாமா செய்யவில்லை. லேபர் போய் மறுபடி கன்சர்வேடிவ் வந்தபோதும் அசையவில்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டால் அதுதான் எழுந்து பதில் சொல்லும். நோயாளி கடிதம் போட்டால் அதுதான் பதில் எழுதும். அந்தப் பெருந்தகை இவர்தான்:

"அந்தக் காலத்து மருத்துவ அறிவுக்கு எட்டியவரை நோயாளிகளுக்குச் சிறந்த சிகிச்சையே தரப்பட்டது."

கேட்க எவ்வளவு பதவிசாக இருக்கிறது! இது உண்மைதானா என்று யாரும் சரிபார்க்கவில்லை என்பதுதான் சின்னக் குறை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை கொடுத்த ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸும் தொற்றின. சுமார் 3,000 பேர் இறந்துபோனார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. நாம் சிரிக்க வேண்டியவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம், கோப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மேற்படி வாக்கியத்தின் மானத்தைக் காப்பாற்ற அவர்கள் தவணை முறையில் செலவழித்த பணத்தின் வரலாறு இது.

புட்டியில் வந்த அதிசயம்

ஹீமோஃபீலியா உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாது. உறைவதற்கு வேண்டிய ஃபேக்டர் எட்டு என்ற புரதம் பெரும்பாலானோரிடம் குறைவாக இருக்கும். முழங்காலில் அடிபட்டால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கும். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் இதற்கு ஓர் அதிசயம் வந்து சேர்ந்தது. ஃபேக்டர் எட்டைப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, வேண்டியபோது கரைத்து ஊசி போட்டுக்கொள்ளலாம். பையன்கள் பள்ளிக்கூடம் போகலாம், உல்லாசப் பயணம் போகலாம். உண்மையிலேயே நல்ல மருந்துதான்.

அதைத் தயாரித்த விதத்தில்தான் வில்லங்கம். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கொட்டிக் கலந்து அதிலிருந்து பொடி எடுப்பார்கள். ஆயிரம் பேரில் ஒருத்தருக்குக் கிருமி இருந்தாலும் அத்தனை புட்டியிலும் அது சமத்துவத்தோடு இறங்கிவிடும். பிரிட்டனில் ரத்ததானம் இலவசம். ஒரு கப் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது போதவில்லை. அமெரிக்கக் கம்பெனிகளோ டாலர் கொடுத்து பிளாஸ்மா வாங்கின. டாலருக்காக பிளாஸ்மா விற்க யார் வருவார்கள்? கையில் காசில்லாதவர்கள், போதைப் பழக்கம் உள்ளவர்கள், சிறைக் கைதிகள். காசுக்கு வாங்கும் ரத்தத்தில் ஆபத்து அதிகம் என்று ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பேராசிரியர் 1970-லேயே புத்தகம் போட்டு எச்சரித்தார். அருமையான புத்தகம் என்று பாராட்டினார்கள். மூன்று வருஷம் கழித்து, அமெரிக்கப் பொடிக்கு இறக்குமதி உரிமம் வழங்கினார்கள்.

1975-ல் சுகாதார இணையமைச்சர் டேவிட் ஓவன், நமக்கு வேண்டியதை நாமே தயாரித்துக்கொள்வோம் என்று அறிவித்து 5 லட்சம் பவுண்டு ஒதுக்கினார். நல்ல நோக்கம். எல்ஸ்ட்ரீயில் அரசின் ரத்தப் பொருள் ஆய்வுக்கூடம் இருந்தது. 1979-ல் அங்கே சோதனைக்குப் போன மருந்துத் துறை ஆய்வாளர்கள் மலைத்துப்போனார்கள். தனியார் கம்பெனியாக இருந்தால் உற்பத்தியை நிறுத்தச் சொல்லிப் பரிந்துரைத்திருப்போம் என்கிற அளவுக்கு அறிக்கை எழுதினார்கள். ஆனால் கூடம் அரசுடையது. அரச மகுடத்தின் பெயரில் ஒரு சட்ட விலக்கு இருந்தது. மகாராணியின் கூடத்தில் இருந்தால் கிருமியும் ராஜ கிருமிதானே, அதன்மேல் எப்படி வழக்குப் போடுவது! தன்னிறைவு வரவேயில்லை. அமெரிக்கப் புட்டிகள் தவறாமல் வந்தன.

பிற்காலத்தில் ஓவன் தன்னுடைய பழைய காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, பத்து வருஷ விதிப்படி அவை அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. அமைச்சர் சொன்னதைச் செய்வதற்கு ஆளில்லாத துறையில், அவர் சொன்னதை அழிப்பதற்கு மட்டும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

1983: எச்சரிக்கை சீக்கிரமே வந்துவிட்டது

1982 ஜூலையிலேயே அமெரிக்காவில் ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு எய்ட்ஸ் வந்த செய்தி வெளியாகிவிட்டது. 1983 மே மாதம், பிரிட்டனின் தொற்றுநோய்க் கண்காணிப்பு மையத்தின் தலைவர் ஸ்பென்ஸ் கால்பிரெய்த், சுகாதாரத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். 1978-க்குப் பிறகு அமெரிக்காவில் எடுத்த ரத்தத்திலிருந்து தயாரித்த பொருட்களைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே சாரம். தொற்றுநோயைக் கவனிப்பதற்காகவே அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனிதர். கடிதத்தைப் படித்த அதிகாரிகள், இதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று தீர்மானித்தார்கள். ஜூலையில் மருந்துப் பாதுகாப்புக் குழுவின் துணைக்குழுவும் கூடிப் பேசி அதே முடிவுக்கு வந்தது.

செப்டம்பரில் அதே சுகாதாரத் துறை, ரத்ததானம் செய்பவர்களுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டது. ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் எய்ட்ஸ் பரவுமா? கிட்டத்தட்ட நிச்சயமாகப் பரவும் என்றது பிரசுரம். இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், சுகாதார இணையமைச்சர் கென்னத் கிளார்க் நாடாளுமன்றத்துக்குப் பதில் அளித்தார். ரத்தப் பொருட்களால் எய்ட்ஸ் பரவுகிறது என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லையாம். பிரசுரம் வாசலில், பதில் சபையில். இரண்டும் ஒரே கட்டடத்திலிருந்து புறப்பட்டவைதான். முடிவான ஆதாரம் என்பது சவ ஊர்வலமாகத்தான் வரும் என்று அங்கே தீர்மானித்துவிட்டார்கள் போலிருக்கிறது. வந்தது.

ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களில் மட்டும் சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களில் ஏறத்தாழ 380 பேர் குழந்தைகள். ஹாம்ப்ஷயரில் ட்ரெலோர் என்ற உறைவிடப் பள்ளி, வளாகத்துக்குள்ளேயே ஹீமோஃபீலியா சிகிச்சை மையம் வைத்திருந்தது. 1970-க்கும் 1987-க்கும் இடையில் அங்கே படித்த இந்த நோயுள்ள பையன்கள் 122 பேர். 2024-ல் உயிரோடிருந்தவர்கள் சுமார் முப்பது பேர். பெற்றோருக்குச் சொல்லாமல் அந்தப் பையன்களை வைத்து ஆராய்ச்சியும் நடந்தது. இந்தப் பத்தியில் நகைச்சுவை இல்லை.

ஒரு கோடி, ஆனால் இழப்பீடு அல்ல

ஹீமோஃபீலியா சங்கம் சும்மா இருக்கவில்லை. எம்.பி.க்களைப் பார்த்தார்கள், பத்திரிகைகளைப் பார்த்தார்கள். தாட்சர் அரசுக்கு ஒரு பயம் இருந்தது. இவர்களுக்கு இழப்பீடு கொடுத்தால், ஆஸ்பத்திரியில் ஆறாத புண்ணோடு வந்தவன், அறுவை சிகிச்சையில் கால் போனவன் என்று எல்லோரும் வரிசை கட்டி நிற்பார்களே! முன்னுதாரணம் ஆகிவிடுமே! பிரிட்டிஷ் நிதியமைச்சகத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. முன்னுதாரணத்துக்குப் பயப்படாதவர் கிடையாது.

1987 நவம்பரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1 கோடி பவுண்டு தருகிறோம். ஆனால் இது இழப்பீடு அல்ல, கருணைத் தொகை. நோயாளிகளுக்குத் தரவில்லை, சங்கத்துக்குத் தருகிறோம். சங்கம் ஓர் அறக்கட்டளை அமைத்து, அறக்கட்டளை விசாரித்து, கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுக்கட்டும். இப்படிப் பிறந்ததுதான் மக்ஃபர்லேன் அறக்கட்டளை. அரசு கொடுத்த மருந்தால் எய்ட்ஸ் வந்தவர், துணி துவைக்கும் மெஷின் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி, குடும்ப வருமானக் கணக்கை இணைத்துக் காத்திருக்க வேண்டும். கையேந்தி நிற்க வைத்தார்கள் என்று பிற்பாடு பலர் விசாரணையில் சாட்சி சொன்னார்கள். கொடுக்கிற கை அரசாங்கத்தின் கை என்று தெரியாமலிருக்க நடுவில் இத்தனை கைகள்.

1989-ல் வழக்கு வந்தது. 962 பேர் சேர்ந்து அரசைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அவர்கள் பக்கம் நின்று விடாமல் எழுதியது. நவம்பரில் அரசு மறுபடி சட்டைப்பையில் கைவிட்டது: தலைக்கு 20,000 பவுண்டு, மொத்தம் 2.4 கோடி. இதுவும் கருணைத் தொகையே. வாக்கியம் அப்போதுதான் அமர்க்களமாக அரங்கேறியது. தாட்சரே நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னார். சிறந்த சிகிச்சைதான் கொடுத்தோம், ஆனாலும் எங்கள் மனசு இளகியது என்ற தோரணை. சிறந்த சிகிச்சைக்காக நோயாளிகளுக்கு அரசே பணம் கொடுக்கிற அதிசயம் உலகத்தில் அங்கே மட்டும்தான் நடந்தது.

கோர்ட்டில் கோப்பு, கோப்பில் பூதம்

வழக்கில் அரசுத் தரப்பு வக்கீல்கள் இரண்டு அஸ்திரம் வைத்திருந்தார்கள். ஒன்று, தேசம் முழுவதற்கும் எந்த ரத்தத்தை எப்போது வாங்குவது என்பது கொள்கை முடிவு. அதில் தனிப்பட்ட நோயாளிக்கு அரசு கடமைப்பட்டதில்லை. இரண்டாவது அஸ்திரம் இன்னும் நயமானது. அந்தக் கொள்கை முடிவை எப்படி எடுத்தோம் என்பதைக் காட்டும் நூற்றுக்கணக்கான ஆவணங்களைப் பொதுநலன் கருதி வெளியிட முடியாது. அதாவது, தப்புச் செய்யவில்லை. செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் எங்களிடம் இருக்கிறது. அதை யாருக்கும் காட்டமாட்டோம்.

1990 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆவணங்களைக் காட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், வழக்கை நடத்திய நீதிபதி ஆக்னால் ஒரு வேலை செய்திருந்தார். சட்டப்படி யார் ஜெயிப்பார்கள் என்பது வேறு, தார்மிகக் கடமை என்று ஒன்றிருக்கிறதே, அதை அரசு யோசித்துப் பார்த்துச் சமரசத்துக்கு வரலாமே என்று இரு தரப்புக்கும் எழுதினார். வழக்கமாக நீதிபதிகள் வாய்தா கொடுப்பார்கள்; இவர் வழி கொடுத்தார். அரசின் தலைமை மருத்துவ அதிகாரி டொனால்ட் ஆச்சிசன்கூட, இது வேறெதோடும் ஒப்பிட முடியாத பேரழிவு, தனி விவகாரமாக எடுத்துத் தீர்த்துவையுங்கள் என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார்.

அப்போது சுகாதார அமைச்சர் யார்? 1983-ல் முடிவான ஆதாரம் கேட்ட அதே கென்னத் கிளார்க். இணையமைச்சராகக் கிளம்பிப் போனவர், 1988-ல் முழு அமைச்சராகத் திரும்பி வந்திருந்தார். தன் காலத்துச் சங்கதி குறித்த வழக்கில் சமரசம் செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் நாற்காலியில் அவரே. கதாசிரியர் எவராவது இப்படி எழுதியிருந்தால் நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். கிளார்க் இருந்த வரை கதவு திறக்கவில்லை.

நவம்பரில் டவுனிங் தெருவில் பூகம்பம். ஐரோப்பா விவகாரத்தில் ஜெஃப்ரி ஹௌ ராஜினாமா செய்தார். அந்தக் குலுக்கலில் கிளார்க் கல்வித் துறைக்குப் போனார், வில்லியம் வால்டிகிரேவ் சுகாதாரத்துக்கு வந்தார். அதே மாதத்தில் தாட்சரும் விழுந்தார். விழுந்ததற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை, தலைவரியும் சொந்தக் கட்சிக்காரர்களும்தான் காரணம். ஜான் மேஜர் பிரதமர் ஆனார். டிசம்பர் 11-ம் தேதி அறிவிப்பு வந்துவிட்டது: வழக்கு போட்டவர்களுக்கு 4.2 கோடி பவுண்டு, சமரசம். மூன்று வருஷமாக முடியவே முடியாது என்றிருந்த விஷயம், ஆள் மாறிய இரண்டு வாரத்தில் முடிந்தது. அத்தனை நாள் குறுக்கே நின்றவை சட்டமும் கொள்கையும் என்று நம்பியவர்கள் தங்கள் கருத்தை அன்று மாற்றிக்கொண்டிருப்பார்கள். மேஜரின் பங்கும் ரசமானது. அதற்கு முந்தைய ஒரு வருஷம் அவர்தான் நிதியமைச்சர்; அதாவது கஜானாவின் சாவியை இடுப்பில் சொருகியிருந்தவர். நிதியமைச்சர் மேஜரிடம் கிடைக்காத காசு, பிரதமர் மேஜரிடம் கிடைத்தது.

உயிருக்கு விலைப்பட்டியல்

இனிமேல்தான் கதையின் மணிமகுடம். 4.2 கோடியை எப்படிப் பங்கிடுவது? ரேஷன் கார்டில் தலைகளை எண்ணுகிற மாதிரி எண்ணினார்கள். தொற்றுள்ள சிறுவர்களுக்கு 21,500 பவுண்டு. கல்யாணமாகாதவருக்கு 23,500. கல்யாணமானவருக்கு 32,000. பிள்ளைகுட்டி உள்ள குடும்பஸ்தருக்கு 60,500. பதினேழு வயதில் எய்ட்ஸை எதிர்பார்த்துக் காத்திருப்பவனைவிடப் பிரம்மச்சாரிக்கு 2,000 கூடுதல். பிரம்மச்சாரியைவிட மாப்பிள்ளைக்கு 8,500 கூடுதல். கிருமியின் வேகமோ, வேதனையோ, இழந்த சம்பளமோ பட்டியலில் இல்லை. எச்.ஐ.வி. என்றாலே பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திய காலத்தில், அந்த இளைஞனுக்குப் பெண் கொடுப்பது யார் என்ற கேள்வியும் பட்டியலில் இல்லை.

பணம் வேண்டுமென்றால் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எச்.ஐ.வி. தொடர்பாக இனிமேல் வழக்குப் போடமாட்டேன். ஹெபடைடிஸ் கிருமி தொடர்பாகவும் போடமாட்டேன். இரண்டாவது பகுதியை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் சி என்ற கிருமியை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு பெயர் வைத்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்ட பலருக்குத் தங்கள் உடம்பில் அது இருப்பதே அப்போது தெரியாது. சில வருஷம் கழித்துத்தான் டாக்டர் சொன்னார். வக்கீல் முன்பே கையெழுத்து வாங்கிவிட்டார். தவறை ஒப்புக்கொள்ளாத அரசு, இன்னும் வெளிச்சத்துக்கு வராத தவறுக்கும் சேர்த்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டது. மருத்துவ அறிவு எட்டாத இடத்துக்கு வக்கீலின் அறிவு எட்டியிருக்கிறது பாருங்கள்.

கல்லீரலுக்குத் தனி வரிசை

ஹெபடைடிஸ் சி வந்தவர்களுக்கோ அந்தக் கருணையும் இல்லை. எய்ட்ஸ் தனி விவகாரம், இது வேறு என்றார்கள். எய்ட்ஸுக்குக் கொடுத்ததை முன்னுதாரணம் ஆக்காமல் இருப்பதில் எல்லா அரசுகளும் கட்சி பேதமில்லாமல் ஒற்றுமை காட்டின.

இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வந்ததும் அமெரிக்கா 1990-லேயே தானமாக வரும் ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. பிரிட்டன் தொடங்கியது 1991 செப்டம்பரில். இடையில் என்ன நடந்தது? குழு கூடியது, மறுபடி கூடியது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நியூகாசில் ரத்த மையம் மட்டும் பொறுக்கமாட்டாமல் ஏப்ரல் மாதமே சோதனையைத் தொடங்கிவிட்டது. அதற்காக அந்த மையத்துக்குச் சக மையங்களிடமிருந்து கிடைத்தது கண்டனம். மற்றவர்கள் அசுத்த ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நீ மட்டும் எப்படிச் சுத்த ரத்தம் கொடுக்கலாம்? ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?

2001-ல் நீதிபதி பர்ட்டன் அந்த ஒழுங்கைக் கலைத்தார். ஹெபடைடிஸ் சி வந்த 114 பேர் தொடுத்த வழக்கில், ஆஸ்பத்திரியில் ஏற்றும் ரத்தம் கிருமியில்லாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க மக்களுக்கு உரிமை உண்டு; 1987-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரத்த ஆணையம் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்தச் சட்டம் 1988 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்ட பெரும்பாலானவர்களுக்கு அதனால் பிரயோசனமில்லை. சட்டம் வரட்டும், அப்புறம் ரத்தம் கொட்டலாம் என்று பொறுத்திருக்கத் தெரியாதவர்கள்.

ஸ்காட்லாந்து அசைந்துகொடுத்த பிறகு, 2003-ல் லண்டனும் இறங்கி வந்தது. ஸ்கிப்டன் நிதி 2004-ல் தொடங்கியது. ஹெபடைடிஸ் சி வந்தவருக்கு 20,000 பவுண்டு. கல்லீரல் சுருங்கிப்போயிருந்தால் மேலும் 25,000. ஒரே ஒரு நிபந்தனை: அறிவிப்பு வந்த 2003 ஆகஸ்ட் 29-ம் தேதி உயிரோடு இருந்திருக்க வேண்டும். 28-ம் தேதி கண்மூடியவரின் விதவைக்கு ஒன்றும் கிடையாது. இந்த அபத்தத்தைத் திருத்த 2011 வரை ஆயிற்று. இதற்குள் மக்ஃபர்லேன், ஐலீன், ஸ்கிப்டன், எம்.எஃப்.இ.டி., காக்ஸ்டன் என்று ஐந்து அமைப்புகள். கிருமிக்கு ஒரு கதவு, ரத்தம் வந்த வழிக்கு ஒரு கதவு. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே வாக்கியம் காபி குடித்துக்கொண்டிருந்தது.

அண்டை அயலார்

மற்ற நாடுகள் ஒன்றும் யோக்கியமில்லை. பிரான்சில், உள்நாட்டுக் கம்பெனியின் பரிசோதனை தயாராகும்வரை அமெரிக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பிரதமராக இருந்தவரையே கோர்ட்டில் நிறுத்தியது. லொரான் ஃபாபியுஸ் 1999-ல் விடுதலையானார். அமைச்சராக இருந்த ஜார்ஜினா துஃபுவா, பொறுப்பு என்னுடையதுதான், குற்றம் என்னுடையதில்லை என்று சொல்லி உலகப் புகழ் பெற்றார். ஆனாலும் ரத்த மையத்தின் தலைவர் ஜெயிலுக்குப் போனார். கனடா 1998-ல் 110 கோடி டாலர் அறிவித்தது. ஆனால் 1986-க்கும் 1990-க்கும் இடையில் ஹெபடைடிஸ் சி வந்தவர்களுக்கு மட்டும்தான். 1985 டிசம்பரில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் அவசரப்பட்டுவிட்டார். எல்லோருக்கும் கொடுங்கள் என்று எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானத்தை அரசுக் கட்சி கொறடா போட்டுத் தோற்கடித்தது. விட்டுப்போனவர்களுக்கு 2006-ல் அடுத்த கட்சி கொடுத்தது.

ஜப்பான்தான் விசேஷம். 1996-ல் சுகாதார அமைச்சராக வந்த நவோடோ கான், காணவில்லை என்று அமைச்சகம் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்த கோப்புகளைத் தேடச் சொன்னார். சில நாளிலேயே கோப்புகள் கிடைத்துவிட்டன, தேடியதுதான் காரணம். கான் மன்னிப்புக் கேட்டார். மார்ச்சில் ஆளுக்கு 4.5 கோடி யென் என்று சமரசம் ஆயிற்று. மருந்துக் கம்பெனி நிர்வாகிகள் நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினார்கள். மன்னிப்புக் கேட்டதால் கானின் அரசியல் வாழ்க்கை நாசமாகியிருக்குமே? ஆமாம், பாவம். 2010-ல் அவரைப் பிரதமர் ஆக்கிவிட்டார்கள்.

விசாரணை மேல் விசாரணை

பிரிட்டன் பக்கம் திரும்புவோம். 2007-ல் ஆர்ச்சர் பிரபு நன்கொடை வாங்கித் தனியாக விசாரணை நடத்தினார். அரசு முறைப்படி சாட்சி சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்தில் பென்ரோஸ் பிரபுவின் விசாரணை ஆறு வருஷம் நடந்து 1.2 கோடி பவுண்டுக்கு மேல் விழுங்கி, 2015-ல் ஐந்து தொகுதி அறிக்கையும் ஒரே ஒரு பரிந்துரையும் தந்தது. 1991-க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களைச் சோதித்துப் பாருங்கள் என்பதுதான் பரிந்துரை. பாதிக்கப்பட்டவர்கள் வாசலிலேயே அறிக்கையைக் கொளுத்தினார்கள். அந்த அறிக்கையால் கிடைத்த முதல் வெப்பம் அது.

2017 ஜூனில் தெரசா மே தேர்தலில் பெரும்பான்மையைத் தொலைத்தார். வட அயர்லாந்துக் கட்சியின் 10 எம்.பி.க்கள் தயவில்தான் ஆட்சி. அந்தக் கட்சியின் நாடாளுமன்றத் தலைவர் உட்பட எதிர்வரிசைத் தலைவர்கள் எல்லோரும் சேர்ந்து விசாரணை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். ஜூலையில் பிரதமருக்கு நியாய உணர்வு பொங்கியது. மறு வருஷம் விசாரணைக்கு நீதிபதி சர் பிரையன் லாங்ஸ்டாஃப் நியமிக்கப்பட்டார்.

பழைய கதாபாத்திரங்கள் மீண்டும் மேடையேறினார்கள். 2021-ல் கிளார்க் வந்தார்; பிரபு பட்டத்தோடு. இத்தனை சின்னச் சின்ன விவரம் எதற்கு என்று விசாரணை வக்கீலிடம் எரிந்து விழுந்தார். பாதிக்கப்பட்டவர்களை அவர் மதிக்காமல் இழிவாகப் பேசினார் என்று அறிக்கை பிற்பாடு பதிவு செய்தது. 2022-ல் மேஜர் வந்தார். அவர்களுக்கு நேர்ந்தது நம்பமுடியாத துரதிர்ஷ்டம் என்றார். அரங்கத்தில் இருந்தவர்கள் திகைத்து மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. ஜாதகத்தில் தோஷம் என்று சொல்லாமல் விட்டாரே, அதுவரை லாபம்.

2024 மே 20-ம் தேதி லாங்ஸ்டாஃப் ஏழு தொகுதி அறிக்கையைக் கொடுத்தார். இது விபத்தல்ல, தவிர்த்திருக்கலாம், உண்மையை மூடி மறைத்தார்கள், 1993-ல் சுகாதாரத் துறைக் கோப்புகளை வேண்டுமென்றே அழித்தார்கள். நம் வாக்கியத்தின் கழுத்தையும் பிடித்தார். சிறந்த சிகிச்சை என்பது உண்மையே இல்லை, யாரும் கேள்வி கேட்காத வேதவாக்காக அதை ஆக்கிவிட்டார்கள் என்று எழுதினார். பிரதமர் ரிஷி சுனக் அன்றே சபையில் மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாள் கழித்துத் தேர்தல் அறிவித்தார். இழப்பீட்டு அமைப்பை உருவாக்கும் விஷயத்தில் அதற்கு முந்தைய டிசம்பரில் அவர் அரசு 246-க்கு 242 என்று சபையில் தோற்றிருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மனசாட்சிக்கு எத்தனை ஓட்டு என்று கணக்கு வேண்டுமே.

பில் வருகிறது

2024 அக்டோபர் பட்ஜெட்டில் லேபர் அரசு 1,180 கோடி பவுண்டு ஒதுக்கியது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், நோயாளிகள், பெற்றோர், துணைவர்கள், பிள்ளைகள் என்று எல்லோருக்கும் சேர்த்து. 1990-ன் 4.2 கோடி எச்.ஐ.வி. வழக்குக்காரர்களுக்கு மட்டும், ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வகுத்துப் பார்ப்பது சரியான கணக்கு ஆகாது. வகுக்காமலே புரிகிற கணக்கு இது. பணம் கொடுக்கும் ஆணையத்தின் தலைமையகம் நியூகாசிலில். 1991-ல் அவசரப்பட்டதற்காகத் திட்டு வாங்கிய அதே ஊர். இப்போது அவசரம் என்ற புகார் யாரும் சொல்வதற்கில்லை. 2025 ஜூலையில் லாங்ஸ்டாஃப் மறுபடி ஓர் அறிக்கை எழுத வேண்டிவந்தது, பணம் ஏன் இவ்வளவு தாமதம் என்று. முழு இழப்பீடு கைக்கு வந்தவர்கள் அப்போது சில நூறு பேர்தான். ஆணையம் கூப்பிட்டால்தான் விண்ணப்பிக்கலாம் என்று அப்போது விதி இருந்தது. காத்திருந்தவர்களில் பலர் வயதானவர்கள்.

பில்லைக் கட்டப்போவது கிளார்க் அல்ல, மேஜர் அல்ல, 1983-ல் கடிதத்தை ஓரமாக வைத்த அதிகாரியும் அல்ல. வரி கட்டுகிற ஜனங்கள். அதில் நோயாளிகளும் அவர்களுடைய விதவைகளும் உண்டு. தங்கள் இழப்பீட்டுக்கு அவர்களே சந்தா செலுத்துகிறார்கள்.

இவர்களுக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவருமே என்ற பயத்தில்தான் எல்லாம் தொடங்கியது. 1987-ல் ஒரு கோடி கொடுத்து அந்த முன்னுதாரணத்தைத் தவிர்த்தார்கள். 1989-ல் 2.4 கோடி, 1990-ல் 4.2 கோடி கொடுத்துத் தவிர்த்தார்கள். ஐந்து அமைப்புகள் வைத்துத் தவிர்த்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள். அடுத்த முறை நிதியமைச்சகத்தில் யாராவது ஓர் இளம் அதிகாரி முன்னுதாரணம் ஆகிவிடும் என்று ஓரத்தில் குறிப்பெழுதினால், பக்கத்து மேஜைக்காரர் அவரிடம் சொல்லலாம்: ஆகிவிட்டது தம்பி, 1,180 கோடிக்கு. கொடுத்ததால் வந்தது இல்லை அது, கொடுக்காமல் இழுத்தடித்ததால் வந்தது.